துளசேந்திரபுரத்துப் பேத்தியும் 34 குற்றச்சாட்டுகளும்

2024 ஜூலையில் மன்னார்குடி வட்டாரம் இரண்டு செய்திகளுக்காகக் காத்திருந்தது. ஒன்று மேட்டூர் அணைச் செய்தி. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டிய அணை, போதிய தண்ணீர் இல்லாமல் மூடியே கிடந்தது. பம்புசெட் வைத்திருந்தவர்கள் குறுவை நட்டிருந்தார்கள். ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியவர்கள் குடகில் மழை பெய்ததா என்று தினமும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மற்றொன்று அமெரிக்கச் செய்தி. ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகி, கமலா ஹாரிஸை வேட்பாளராக்கும்படி சொன்னார். துளசேந்திரபுரத்தில் பேனர் ஏறியது. ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர் அது. ஜூலை 28-இல் அணை திறந்தது. நவம்பர் 5-இல் அமெரிக்கத் தேர்தல் நடந்தது. முதல் செய்தி நல்லபடியாக முடிந்தது.

துளசேந்திரபுரத்துத் தர்மசாஸ்தா கோயிலில், நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைப் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. அதில் தாத்தாவின் பெயரும் பேத்தியின் பெயரும் இருக்கின்றன. வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் எத்தனை முறை வந்தாலும் கேமரா முதலில் போய் நிற்பது அந்தக் கல்லின் முன்னால்தான். ஆனால் அந்த ஊர்ப் பெருமையை வைத்து டெல்டா முழுவதும் ஹாரிஸ் பக்கம் நின்றது என்று எழுதியவர்கள் பேனரை மட்டும் படித்துவிட்டுப் போனவர்கள். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய வீடுகள் ஏராளம். அந்த வீடுகளில் பெரியவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை, பிள்ளைகளுக்கு இருக்கிறது. சண்டை அங்கே நடந்தது.

அந்த மாதங்களில் மன்னார்குடி டீக்கடை ஒன்றில் காதில் விழுந்த பேச்சு இது. ஒருவர் விவசாயி, மற்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியர்.

"பையன் டெக்சாஸில் குடியுரிமை வாங்கிவிட்டான், சார். இதுதான் அவனுக்கு முதல் ஓட்டு. டிரம்புக்குத்தான் போடுவேன் என்கிறான்."

"34 குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று ஜூரி சொன்ன ஆளுக்கா? என் வகுப்பில் படித்த பிள்ளை அவன்."

"நானும் கேட்டேன், சார். அந்த ஆளோடு நாம் என்ன சம்பந்தமா செய்துகொள்ளப் போகிறோம், வேலைக்கு ஆள் வைக்கிறோம், அவ்வளவுதானே அப்பா என்கிறான்."

ஆசிரியர் டம்ளரைக் கீழே வைத்தார். "வேலைக்கு ஆள் வைத்தாலும், முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டோமா?"

இந்த நான்கு பேச்சுகளுக்கு மேல் பெரிதாக எதையும் அமெரிக்காவின் அரசியல் விவாதங்கள் சொல்லிவிடவில்லை. ஆசிரியருக்கும் அந்தப் பையனுக்கும் ஒரே தகவல்தான் தெரியும். நியூயார்க்கில் வணிகப் பதிவேடுகளில் பொய் எழுதிய வழக்கில் ஜூரி உறுதி செய்த அந்த 34 என்ற எண்ணை யாரும் மறுக்கவில்லை. அந்தப் பதவி எதற்கு என்பதில்தான் அவர்கள் பிரிந்தார்கள். அதை நம்பி ஒப்படைக்கும் பொறுப்பாகப் பார்க்கிறவர் ஆளின் நாணயத்தைத் தேடுகிறார். காரியம் முடித்துக் கொடுக்கும் இடமாகப் பார்க்கிறவர் ஆளின் திராணியைத் தேடுகிறார். ஒழுக்கத்தைப் பற்றிய வாதம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, இந்தத் தேடலைப் பற்றிய வாதம்தான்.

சட்டத்தைக் கேட்டால் அது கையை விரித்துவிடுகிறது. அமெரிக்க அரசமைப்புச் சட்டம் அதிபர் வேட்பாளரிடம் மூன்றே மூன்றைக் கேட்கிறது: பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், 14 ஆண்டுகள் அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். நடத்தை பற்றி ஒரு சொல் கிடையாது. தண்டனை பெற்றவர் நிற்கக் கூடாது என்றும் இல்லை. 1920-இல் சோஷலிஸ்டுத் தலைவர் யூஜின் டெப்ஸ் அட்லாண்டா சிறையில் கைதியாக இருந்தபடியே போட்டியிட்டு, 9 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கினார். 2021 ஜனவரி 6-இல் டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடத்திய வன்முறையைக் காரணம் காட்டி, கிளர்ச்சியில் ஈடுபட்டவர் பதவி வகிக்கக் கூடாது என்ற 14-ஆவது திருத்தத்தின்படி டிரம்பின் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து நீக்கக் கொலராடோ மாநிலம் முயன்றது. 2024 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே தகுதி பார்க்கும் வேலை முழுவதும் வாக்காளரின் தலையில் விழுந்தது.

நம் சட்டம் இதில் கொஞ்சம் கண்டிப்பானது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனைக் காலமும் விடுதலைக்குப் பிறகு மேலும் ஆறு ஆண்டுகளும் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்க முடியாது. 2013-இல் லில்லி தாமஸ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வழியும் அடைபட்டது.

இவை எல்லாவற்றையும் விடக் கண்டிப்பானது ஒரு பழைய கல்வெட்டு. தஞ்சையைப் பிடித்த விஜயாலயனின் பேரன் முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையின் வாரியங்கள் என்ற நிர்வாகக் குழுக்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க எழுதிவைத்த விதிகள் அவை. கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்க முடியாது. அவர் மட்டுமா? அவருடைய சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், மாமனார், மைத்துனர், மருமகன் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அவர்களும் நிற்க முடியாது. பிறர் பொருளைத் திருடியவர், பெரும் பாவங்கள் செய்தவர் எல்லோரும் வெளியே. இத்தனையும் தாண்டியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

இதைப் பெருமையாக மேடையில் பேசுகிறவர்கள், அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கான சபை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அதைச் சொல்லிவிட்டே பார்த்தாலும் அந்த விதிகளின் தர்க்கம் கவனிக்கத் தக்கது. வாக்காளரின் சபலத்தை நம்பாமல், ஒழுக்கச் சோதனையை முன்கூட்டியே முடித்துவிட்டு, மீதியைக் குடத்துக்கு விட்டுவிட்டார்கள். நவீனத் தேர்தல் இதைத் தலைகீழாக்கியது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், சோதனையை மக்கள் செய்யட்டும் என்றது. உத்திரமேரூர் விதிப்படி 81 வயதுப் பைடனும் 78 வயது டிரம்பும் வயதிலேயே வெளியேறியிருப்பார்கள். ஹாரிஸ் பெண் என்பதால் குடத்துப் பக்கமே வந்திருக்க முடியாது.

மக்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதற்கு 1884 தேர்தலைப் போல இன்னொரு எடுத்துக்காட்டு கிடைக்காது. ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லாண்ட், திருமணமாகாமலேயே ஒரு குழந்தைக்குத் தந்தை என்ற செய்தி பிரசாரத்தின் நடுவில் வெடித்தது. "அம்மா, அம்மா, அப்பா எங்கே?" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் தெருவில் கோஷம் போட்டார்கள். என்ன செய்வது என்று கேட்ட தன் ஆட்களிடம், உண்மையைச் சொல்லுங்கள் என்றார் அவர். எதிரில் நின்ற ஜேம்ஸ் பிளெய்னுக்குக் குடும்ப வாழ்க்கையில் குறை இல்லை. ஆனால் ரயில்வே கம்பெனிகளோடு அவர் நடத்திய பண விவகாரக் கடிதங்கள் வெளியாகியிருந்தன. ஒரு கடிதத்தின் கடைசியில் "இதை எரித்துவிடு" என்று அவரே எழுதியிருந்தார். அப்போது கிளீவ்லாண்டின் ஆதரவாளர்களிடையே ஒரு வாதம் சுற்றியது: பொது வாழ்வில் சுத்தமாக இருப்பவரை அரசுப் பதவிக்கு அனுப்புவோம், குடும்ப வாழ்வில் சுத்தமாக இருப்பவரைக் குடும்பத்துக்கே திருப்பி அனுப்புவோம். நியூயார்க் மாநிலத்தை ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் பிடித்து, கிளீவ்லாண்ட் அதிபரானார்.

கெட்டிக்காரத்தனமான வாதம்தான். அந்தக் குழந்தையின் தாய், தான் வற்புறுத்தலுக்கு ஆளானதாக வாக்குமூலம் கொடுத்தார். அதைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு. அதைக் கேட்டிருந்தால், இது குடும்ப விவகாரம் என்று ஒதுக்கும் கதவு திறந்திருக்காது. எது சொந்த வாழ்க்கை, எது பொது வாழ்க்கை என்று கோடு போடுகிறவர் யார் என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பெரும்பாலும் கோடு போடுகிறவர் ஏற்கெனவே ஒரு பக்கம் நின்றுகொண்டிருப்பார்.

இதற்கு எண்ணிக்கையிலேயே சாட்சி இருக்கிறது. 1998-இல் அதிபர் பில் கிளிண்டனின் திருமணம் மீறிய உறவு விவகாரம் வெடித்தபோது, அமெரிக்காவின் பெரிய பிராட்டஸ்டன்ட் அமைப்பான தென் பாப்டிஸ்ட் மாநாடு, பொதுப் பதவியில் இருப்பவர்களின் ஒழுக்கத்தை வலியுறுத்தித் தீர்மானமே போட்டது. ஜனநாயகக் கட்சியினர், அது அவருடைய சொந்த விஷயம் என்றார்கள். பொதுமக்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்: டிசம்பரில் கீழவை அவர்மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றிய நாட்களில், காலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு 73 சதவீத ஆதரவு இருந்தது. பிறகு 2011-இல் பி.ஆர்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் ஒரு கேள்வி கேட்டது: சொந்த வாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடந்துகொள்ள முடியுமா? வேதாகமத்தையே முதன்மையாகக் கொள்ளும் வெள்ளை இன எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர் மட்டுமே முடியும் என்றார்கள். 2016 அக்டோபரில், டிரம்ப் வேட்பாளராக நின்ற நேரத்தில் அதே கேள்வி. முடியும் என்றவர்கள் 72 சதவீதம். ஐந்தே ஆண்டுகளில் வேதாகமம் மாறிவிடவில்லை. வேட்பாளர் மாறியிருந்தார். 1998-இல் சொந்த விஷயம் என்றவர்கள், 2016-இல் ஒழுக்கத்தின் காவலர்களாக எழுந்து நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

உடல்நலம், மனநலம் பற்றிய தகராறு வேறு ரகம். இங்கே மறைப்பும் அவதூறும் மாறி மாறி விளையாடுகின்றன. 1919 அக்டோபரில் அதிபர் உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் படுத்தார். அவர் நிலைமை எவ்வளவு மோசம் என்பது நாட்டுக்குச் சொல்லப்படவில்லை, மனைவி எடித் வழியாகத்தான் கோப்புகள் போய் வந்தன. அதிபரால் பணி செய்ய முடியாதபோது என்ன செய்வது என்பதை விரிவாக எழுதிய 25-ஆவது திருத்தம் 1967-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1964-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் பேரி கோல்ட்வாட்டர் நின்றபோது, 'ஃபேக்ட்' என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வி அனுப்பியது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் 1,189 பேர், அவரை ஒருமுறைகூடப் பரிசோதிக்காமலே, மனநிலையில் தகுதியற்றவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டு வென்றார். நேரில் பரிசோதிக்காத பொது மனிதரின் மனநிலை பற்றி மருத்துவர் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் விதி வகுத்தது. இடையில், 1972-இல் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின்னதிர்வுச் சிகிச்சை எடுத்தவர் என்று தெரிந்ததும், வேட்பாளரான 18 நாளிலேயே விலக நேர்ந்தது. சிகிச்சை எடுத்துக் குணமானவர் வெளியேற்றப்பட்ட கதை அது. அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டவர் யாரும் பிறகு மருத்துவரிடம் போவதை வெளியே சொல்வாரா என்று யோசித்துப் பாருங்கள்.

2024-இல் இந்த ரகங்கள் எல்லாம் ஒரே தேர்தலில் வந்து விழுந்தன. ஜூன் 27 விவாதத்தில் பைடன் தடுமாறியதும் வயதுக் கேள்வி வென்றது, அவர் விலகினார். டிரம்ப் மீது நியூயார்க் வணிகப் பதிவேட்டு வழக்கில் மே 30-இல் ஜூரியின் தீர்ப்பு வந்திருந்தது. பாலியல் அத்துமீறலுக்கும் அவதூறுக்கும் அவர் பொறுப்பு என்று 2023-இல் ஒரு சிவில் ஜூரியும் சொல்லியிருந்தது. ஹாரிஸ் மீது வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அவர் மீதும் தகுதிக் கேள்வி எழுந்தது: 2019-இல் பாறைப் பிளவு முறையில் எரிவாயு எடுப்பதைத் தடை செய்வேன் என்றவர் 2024-இல் மாட்டேன் என்கிறாரே, இவர் எதில்தான் உறுதியாக நிற்பார்? அது நியாயமான கேள்வி. மீத்தேன் திட்டத்தையும் ஹைட்ரோகார்பன் கிணறுகளையும் எதிர்த்து ஊர் ஊராக உட்கார்ந்த டெல்டாக்காரர்கள் அதைக் கேட்டிருந்தால் ரொம்பப் பொருத்தமாக இருந்திருக்கும். துளசேந்திரபுரம் போய் வந்த கேமராக்கள் எதிலும் அந்தக் கேள்வியை நான் பார்க்கவில்லை.

நியாயமில்லாத கேள்விகளும் வந்தன. ஜூலை 31-இல் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் கூட்டத்தில், இவர் இந்தியராகத்தானே இருந்தார், திடீரென்று கறுப்பராகிவிட்டாரே என்றார் டிரம்ப். தாய் சென்னைக்காரர், தந்தை ஜமைக்காக்காரர் என்பது ஒளித்து வைத்த செய்தி அல்ல. ஆனாலும் இரண்டு வேர் உள்ளவரை வேஷக்காரர் என்று காட்ட ஒரு வரி போதுமாக இருந்தது. இந்தப் பக்கம், எங்கள் ஊர்ப் பெண் என்று கொண்டாடியவர்களில் பலர் அவருடைய தந்தையின் பெயரைச் சொன்னதே இல்லை. பாதியை மறைப்பதில் இரு தரப்பும் ஒற்றுமையாக இருந்தது.

முடிவில், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் டிரம்ப் 312 வாக்குகளும் ஹாரிஸ் 226-உம் பெற்றார்கள். மக்கள் வாக்கில் 49.8-க்கு 48.3 சதவீதம். வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில், நல்ல முடிவெடுக்கும் பக்குவமே முக்கியம் என்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹாரிஸ் பக்கம் இருந்தார்கள். தலைமை தாங்கும் திறமை, மாற்றம் கொண்டுவரும் ஆற்றல் என்றவர்கள் டிரம்ப் பக்கம். டீக்கடையில் ஆசிரியரும் அந்த விவசாயியின் மகனும் பிரிந்த அதே இடம். இந்திய வம்சாவளியினர் பற்றிய கார்னகி ஆய்வில், ஹாரிஸுக்குப் போடுவதாகச் சொன்னவர்கள் 61 சதவீதம், டிரம்புக்கு 32. நான்காண்டு முன்பு பைடனுக்கு 68 சதவீதம் இருந்தது. வேட்பாளர் நம் ரத்தம் என்பதால் ஆதரவு கூடிவிடவில்லை, குறைந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அமெரிக்கர்களே இப்படித்தான் என்று டெல்டாவிலிருந்து யாரும் உச்சுக்கொட்ட முடியாது. 2001 மே மாதம், ஊழல் வழக்குகளில் பெற்ற தண்டனை காரணமாக வேட்புமனு தள்ளுபடியான ஜெயலலிதாவின் கட்சிக்குத் தமிழகம் பெரும் வெற்றி கொடுத்தது, அவர் முதல்வரானார், செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. அந்த வழக்குகளில் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அவரை விடுவித்தது. மக்கள் ஓட்டே தீர்ப்பு என்றவர்களும், நீதிமன்றத் தீர்ப்பே தீர்ப்பு என்றவர்களும் அன்று இங்கே மோதிக்கொண்டது, 2024-இல் அங்கே நடந்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

தஞ்சாவூரின் கதை இன்னும் கூர்மையானது. 2016 மே சட்டமன்றத் தேர்தலில், பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரு தொகுதிகளிலும் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்து, பிறகு ரத்தே செய்தது. நவம்பர் 19-இல் மறுபடி தேர்தல் நடந்தது. டிரம்ப் முதல் முறை வென்று பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. தஞ்சாவூரில் இரு பெரிய கட்சிகளும் முன்பு நிறுத்திய வேட்பாளர்களையே திரும்ப நிறுத்தின. ஒழுக்கத்தைக் காரணம் காட்டி ஒரு தேர்தலையே ரத்து செய்ய முடிந்தது. அதே பெயர்கள் சீட்டில் திரும்ப வருவதைத் தடுக்க முடியவில்லை.

நம்மிடம் பிரமாணப் பத்திரம் இருக்கிறதே என்பார்கள். 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளர்கள் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். 2018 முதல் குற்ற வழக்கு உள்ளவர்கள் அதைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். செய்தித்தாளின் மூலையில் பொடி எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தைப் பார்த்து ஓட்டை மாற்றிப் போட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தகவல் போதாது என்பதால் நடக்கும் தவறு அல்ல இது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தே பழகிய விவசாயியிடம், கை சுத்தமான ஆளா, நெல் நனைவதற்குள் லாரியை வரவைக்கும் ஆளா என்று கேட்டுப் பாருங்கள். மேகம் கருத்திருக்கும் நேரத்தில் கேட்டால் பதில் ஒன்றாகவும், அறுவடை முடிந்து பணம் கைக்கு வந்த பிறகு கேட்டால் வேறாகவும் இருக்கும். அவருக்கு ஒழுக்கத்தைப் பற்றித் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. விலைவாசியும் வீட்டு வாடகையும் கழுத்தைப் பிடித்த வேளையில் ஓட்டுப் போட்ட பென்சில்வேனியாக்காரரிடமும் அந்த மேகம்தான் இருந்தது.

டெக்சாஸ், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா என்று பிள்ளைகள் பரவிய வீடுகளில் வாதம் இப்போது இடம் மாறியிருக்கிறது. ஆளைப் பார்க்காமல் வேலையைப் பார்ப்போம் என்றவர்களுக்கு, பார்ப்பதற்கு வேலை வந்துவிட்டது. பதவியேற்ற நாளிலேயே, 2025 ஜனவரி 20 அன்று, விசாவில் இருப்பவர்களுக்கு அங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்காது என்ற உத்தரவில் டிரம்ப் கையெழுத்திட்டார். அது உடனே நீதிமன்றப் படியேறியது. செப்டம்பரில், புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. குடியுரிமை வாங்கி முடித்தவர்களை இவை தொடுவதில்லை. எல்லையைக் கறாராக வைப்பார் என்று சொன்னதைச் செய்கிறாரே என்று அவர்களில் சிலர் திருப்தியாகவே சொல்கிறார்கள். அதே வீட்டில், பொறியியல் முடித்துவிட்டு அண்ணனைப் போல் போகலாம் என்று கம்பெனிகளுக்கு எழுதிக்கொண்டிருக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் அண்ணனைக் கூப்பிட்டு அந்த ஆள் யோக்கியரா என்று கேட்பதில்லை. கட்டணத்தை முதலாளி கட்டுவாரா, மாட்டாரா என்று கேட்கிறார்கள்.